மூன்று நாள் எம்.சி.யில் மறைந்துபோகும் கைக்காயங்கள்

ஸ்ரீ கெம்பாங்கான், செர்டாங் ராயா, பாலாக்கோங் வட்டாரத் தொழிற்சாலைகளில் காலையில் லோரி வந்து நின்றதும் கைகளுக்கு வேலை தொடங்கிவிடுகிறது. பிளாஸ்டிக் தொழிற்சாலை என்றால் 25 கிலோ மூலப்பொருள் மூட்டைகள். தளவாடத் தொழிற்சாலை என்றால் ஒட்டுப்பலகைகள். கட்டுமானப் பொருள் கடை என்றால் 50 கிலோ சிமெண்டு, இரும்புத் தகடு, பளிங்குப் பலகை. போர்க்லிப்ட் இருக்கும் இடத்திலும் கடைசி இரண்டு மீட்டர் தூரத்தை மனிதக் கைதான் கடத்துகிறது.

அந்த இரண்டு மீட்டரில்தான் விரல்கள் நசுங்குகின்றன. மரப் பேலட்டைத் தரையில் வைக்கும்போது அடியில் விரல் மாட்டிக்கொள்கிறது. தள்ளுவண்டியின் பிடிக்கும் சுவருக்கும் இடையே புறங்கை சிக்குகிறது. இரண்டு பேர் தூக்கும் பலகையை ஒருவர் சொல்லாமல் விட்டுவிட, மற்றவரின் கை அடியில் போகிறது. பொருளைக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டையை வெட்டும்போது அது தெறித்து உள்ளங்கையைக் கிழிக்கிறது.

இவற்றில் பல, நாளிதழில் ஒரு வரிச் செய்தியாகக்கூட வருவதில்லை. உயிர்ப்பலி இல்லை, தீயணைப்பு வண்டி வரவில்லை. கிளினிக்கில் தையல் போட்டு, மூன்று நாள் மருத்துவ விடுப்பு எழுதி, "ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் காயத்தால் தொழிலாளிக்குப் பின்னாளில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அந்த மூன்று நாள் எம்.சி. பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது.

மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள தூரம்

நாட்டில் வேலையிட விபத்துக்கு இழப்பீடு வழங்குவது பெர்கேசோ. நம் மக்கள் வாயில் அது இன்னும் 'சொக்சோ'தான். 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது 1971இல் செயல்படத் தொடங்கியது. ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருக்கும் முதலாளியும் அதில் பதிந்து சந்தா கட்ட வேண்டும்.

காயம்பட்ட தொழிலாளிக்கு, விபத்து நடந்த நாளையும் சேர்த்து, குறைந்தது நான்கு நாள்களுக்கு வேலை செய்ய இயலாது என்று மருத்துவர் சான்றளித்தால் தற்காலிக இயலாமைத் தொகை கிடைக்கும். இது அவருடைய சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. மருத்துவ விடுப்பு நீடிக்கும் காலம் முழுவதற்கும் இது உண்டு. எம்.சி. மூன்று நாளோடு நின்றுவிட்டால் இந்தத் தொகை இல்லை.

இன்னொரு கதவும் அதே எண்ணிக்கையில்தான் திறக்கிறது. வேலையிட விபத்துகளை அறிவிக்கும் 2004ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஒருவர் நான்கு நாள்களுக்கு மேல் தம் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனால், முதலாளி அதைத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 'டோஷ்' என்றும் ஜே.கே.கே.பி. என்றும் அழைக்கப்படும் துறை அது. எம்.சி. சுருங்கினால் இந்த அறிக்கையும் வேண்டியதில்லை. அதிகாரி எவரும் வந்து அந்தப் பேலட்டையும் தள்ளுவண்டியையும் பார்க்கப் போவதில்லை.

ஆக, ஒரு தொழிற்சாலை நிர்வாகத்துக்குக் குறுகிய எம்.சி.யே வசதி. கட்டுப்போட்ட கையோடு நான்காம் நாள் தொழிலாளியை வரவழைத்து, "சும்மா உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டு, லைட் டியூட்டிதான்" என்று சொல்லிவிட்டால் ஏட்டில் விபத்தின் கனம் குறைந்துவிடும். சில இடங்களில் இது உண்மையான அக்கறையாகவும் இருக்கலாம். ஆனால் விளைவு ஒன்றுதான். காயத்தின் தடம் காகிதத்தில் மெலிந்துபோகிறது.

இதில் தொழிலாளி கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. சொக்சோவுக்குப் போகாத விபத்து விடுப்பு அவருடைய சொந்த மருத்துவ விடுப்பிலிருந்தே கழிகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டு வரை 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு உண்டு. முதலாளியின் பேலட்டில் நசுங்கிய விரலுக்காக அந்த நாள்களைச் செலவழித்துவிட்டால், ஆண்டின் பிற்பகுதியில் டெங்கி காய்ச்சல் வரும்போது சம்பளம் இல்லாத விடுப்புதான் மிச்சம்.

"நான் பாத்துக்கிறேன்" என்ற சொல்

ஒரு சூழலைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஐம்பது வயதுத் தொழிலாளி ஒருவரின் கட்டைவிரல் இரும்பு அச்சின் அடியில் நசுங்குகிறது. சூப்பர்வைசர் அவரைத் தம் காரிலேயே கிளினிக்குக்கு அழைத்துப் போகிறார். வழியில், "அண்ணே, சொக்சோவுக்குப் போனா இழுத்தடிப்பாங்க. கிளினிக் காசை கம்பெனி கட்டிடும். கேட்டா வீட்டுல கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்கிறார்.

சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவருக்கும் மேலிடத்துக்குப் பதில் சொல்லும் நெருக்கடி இருக்கலாம். கேட்பவருக்கோ வேலை போய்விடக்கூடாது என்ற பயம். ஆனால் 'வீட்டில் மாட்டிக்கொண்டது' என்று மருத்துவரின் ஏட்டில் ஒருமுறை எழுதப்பட்டுவிட்டால், அது வேலையிட விபத்து என்று பின்னர் நிரூபிப்பது பெரும்பாடு. ஆறு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை, பிடிப்பு இல்லை என்று தெரியவரும்போது அந்தச் சூப்பர்வைசர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். அவர் கொடுத்த வாக்குக்குச் சாட்சி இருக்காது.

சட்டம் முதலாளிக்கு வைத்திருக்கும் கெடு 48 மணி நேரம். விபத்து பற்றித் தெரிந்ததிலிருந்து அதற்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளி மறுத்தால் தொழிலாளி தாமே பெர்கேசோ அலுவலகத்தை நாடலாம். எம்.சி. எத்தனை நாள் என்று பார்க்காமல் விபத்தைப் பதிவு செய்து வைப்பதே பாதுகாப்பு. முதல் நாளில் சிறிதாகத் தெரியும் கைக்காயம், பிறகு நரம்பிலோ தசைநாரிலோ பாதிப்பு இருந்ததாகத் தெரியவருவது மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

"உன் கவனக்குறைவுதானே, சொக்சோ எப்படிக் கொடுக்கும்?" என்ற பேச்சும் அடிக்கடி எழும். பெர்கேசோ இழப்பீடு தவறு யாருடையது என்று பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட விபத்தா என்பதே கேள்வி. கையுறை போட மறந்தவருக்கும் உரிமை உண்டு.

"நீ சேர்ந்து ரெண்டு வாரம்தான் ஆச்சு, இன்னும் சந்தா கட்டல" என்பதும் தடையாகாது. வேலையிட விபத்துத் திட்டத்துக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. சந்தா கட்டப்பட்டவரை மட்டுமல்லாமல், சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டியவரையும் சட்டம் காப்புறுதி பெற்றவராகவே கருதுகிறது. கட்டாதது முதலாளியின் குற்றம்; அதை அவரிடம் வசூலிப்பது பெர்கேசோவின் வேலை. 2019 ஜனவரி 1 முதல் சட்டப்படி வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களும் இதில் சேர்க்கப்பட்டுவிட்டனர். தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து இங்கே மூட்டை தூக்கும் தம்பிகளுக்கும் இது பொருந்தும்.

விரலுக்கு விழுக்காடு

நிரந்தர இயலாமைத் தொகை என்பது அடுத்த கட்டம். காயம் ஆறிய பிறகும் குறை தங்கிவிட்டால், மருத்துவ வாரியம் அதை விழுக்காட்டில் மதிப்பிடும். சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சில இழப்புகளுக்கு நேரடியாகவே எண் கொடுத்திருக்கிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30 விழுக்காடு. சுட்டுவிரல் முழுதும் போனால் 14 விழுக்காடு. துண்டாகாமல் விறைத்துப்போன விரலையும், பிடிப்பு இழந்த கையையும் வாரியம் பரிசோதித்து மதிப்பிடும்.

இங்கே 20 விழுக்காடு ஓர் எல்லைக்கோடு. அதற்கு உட்பட்ட மதிப்பீட்டுக்குத் தொகையை மொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாகவும் மீதியை மாதந்தோறும் ஆயுள் முழுவதும் பெறலாம். அல்லது முழுவதையும் மாதத் தொகையாகவே வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெர்கேசோவின் சம்பளப் பட்டியலில் அவருடைய கணிப்புச் சம்பளம் 1,650 ரிங்கிட். நாளுக்கு 55 ரிங்கிட். எம்.சி. காலத்தில் அதில் 80 விழுக்காடு, அதாவது நாளுக்கு 44 ரிங்கிட் கிடைக்கும். கட்டைவிரலை இழந்தால், நாள் சம்பளத்தில் 90 விழுக்காட்டைக் கணக்கில் கொண்டு, அதில் 30 விழுக்காடு. நாளுக்கு 14 ரிங்கிட் 85 சென். மாதம் சுமார் 445 ரிங்கிட்.

அதே தொழிலாளி உண்மையில் ஓவர்டைம் சேர்த்து மாதம் 2,200 ரிங்கிட் வாங்குகிறார், ஆனால் ஓவர்டைம் பணம் உறையில் ரொக்கமாக வருகிறது, சீட்டில் ஏறுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். இ.பி.எப். சந்தாவுக்கு ஓவர்டைம் சேராது. சொக்சோ சந்தாவுக்குச் சேரும். முறையாக ஏறியிருந்தால் அவருடைய மாதத் தொகை சுமார் 580 ரிங்கிட்டாக இருந்திருக்கும். வித்தியாசம் மாதம் 135 ரிங்கிட். முப்பது ஆண்டுக்கு அது 48,000 ரிங்கிட்டைத் தாண்டுகிறது. ஓவர்டைமை ரொக்கமாக வாங்குவதில் இன்று மிச்சமாகும் சந்தா சில ரிங்கிட்தான். அதற்காக இழக்கப்படுவது இவ்வளவு.

வழக்கு போட முடியாது, அதனால்தான்

கை நசுங்கியதற்கு முதலாளிமீது நஷ்டஈட்டு வழக்குப் போட்டு லட்சக்கணக்கில் வாங்கலாம் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அந்த வழியை அடைத்திருக்கிறது. காப்புறுதி பெற்ற தொழிலாளி, வேலையிடக் காயத்துக்காகத் தம் முதலாளிமீதோ முதலாளியின் ஊழியர்மீதோ வேறு சட்டத்தின் கீழ் இழப்பீடு கோர முடியாது. தவறு யாருடையது என்று பாராமல் இழப்பீடு கிடைக்கும். அதற்கு ஈடாக வழக்கிடும் உரிமை இல்லை. சட்டம் செய்திருக்கும் ஒப்பந்தம் இதுதான்.

ஜொகூர் பாலம் கடந்து போனால் நிலைமை வேறு. சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டு வேலைக்காய இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தொழிலாளி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சட்டத்தின்படி நிர்ணயித்த இழப்பீட்டை வாங்கிக்கொள்ளலாம், அல்லது முதலாளியின் அலட்சியத்தை நிரூபித்து நீதிமன்றத்தில் கோரலாம். தினமும் ஜொகூரிலிருந்து அங்கே வேலைக்குப் போகும் மலேசியருக்கும் இது பொருந்தும்.

மலேசியாவில் அந்த இரண்டாம் வழி இல்லாததால், பெர்கேசோவின் பதிவும் மருத்துவ வாரியத்தின் மதிப்பீடும்தான் தொழிலாளிக்கு எல்லாம். முதல் படியில் விபத்து பதிவாகவில்லை என்றால் பின்னால் சாய்ந்து நிற்க வேறு சுவர் இல்லை.

பழைய நிலை இதைவிட மோசம் என்பதையும் மறந்துவிடலாகாது. 1952ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ், ரப்பர் தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும் கை இழந்தவருக்கு முதலாளி ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிட முடிந்தது. சொக்சோ வந்த பிறகுதான் மாதந்தோறும் ஆயுளுக்கும் வரும் தொகை என்ற எண்ணமே சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்தது. இன்று 'தி மைன்ஸ்' என்று பெயர் பெற்றிருக்கும் இடம் ஈயச் சுரங்கமாக இருந்த ஊர் இது. சுற்றுவட்டாரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அங்கிருந்து வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல தொழிற்சாலைக்கும் லோரிக்கும் வந்து சேர்ந்தன. தோட்டத்து மண்டோரிடம் 'சரிங்க ஐயா' என்று தலையாட்டிய பழக்கமும் சில வீடுகளில் கூடவே வந்துவிட்டது. காயத்தைச் சொல்லாமல் மறைப்பதை விசுவாசம் என்று எண்ணுகிறவர்களும் உண்டு.

எவ்வளவு கனம் அதிகம்?

இழப்பீடு காயத்துக்குப் பின் வருவது. காயமே வராமல் தடுக்கும் கடமை யாருடையது?

'தூக்கத் தெரியாமல் தூக்கினான்' என்ற வசை எளிது. டோஷ் வெளியிட்டிருக்கும் வழிகாட்டிகள் வேறு விதமாகப் பேசுகின்றன. பொருளின் கனத்தைப் போலவே அது இருக்கும் உயரமும் முக்கியம் என்கின்றன. ஆணுக்கு, இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டித் தூக்கினால் பரிந்துரைக்கப்படும் உச்ச வரம்பு 25 கிலோ. அதே பொருள் தரையில் இருந்தாலோ தோளுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தாலோ வரம்பு 10 கிலோவாகக் குறைகிறது. கை நீட்டித் தூக்கினால் 5 கிலோதான். பெண்களுக்கு இடுப்பு உயரத்தில் 16 கிலோ. நிமிடத்துக்குப் பல முறை தூக்க வேண்டுமென்றால் இந்த எண்கள் இன்னும் இறங்கும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பேலட்டின் அடித்தட்டில் கிடக்கும் 25 கிலோ பிளாஸ்டிக் மூலப்பொருள் மூட்டை வரம்பைவிட இரண்டரை மடங்கு. 50 கிலோ சிமெண்டு மூட்டையோ, தோட்டத்தில் உர மூட்டையோ எந்த உயரத்திலும் ஒரு மனிதர் தனியாகத் தூக்கும் பொருளே அல்ல. இவை வழிகாட்டி எண்கள். தாண்டினாலே குற்றம் என்று பொருளில்லை. ஆனால் தாண்டும் இடத்தில் அபாயத்தை மதிப்பிட்டு மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியவர் முதலாளி.

கனமும் கைக்காயமும் நேரடியாகத் தொடர்புடையவை. தூக்க முடியாத பொருளைத்தான் விரலை அடியில் விட்டு நெம்புகிறோம், மெதுவாக வைக்க முடியாமல் 'தொப்'பென்று விடுகிறோம். மேசை உயரத்துக்குப் பேலட்டை ஏற்றும் சிறு கருவி, பிடியைச் சுற்றிக் காப்பு வளையம் உள்ள தள்ளுவண்டி, பொருளை இறக்கும்போது அடியில் வைக்க இரண்டு மரக்கட்டை, இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் மட்டும் குரல் கொடுக்கும் ஒழுங்கு ஆகியவை விரலைக் காக்கும். துணிக் கையுறை கீறலைத் தடுக்கும், நசுங்கலைத் தடுக்காது. சுழலும் இயந்திரத்தின் அருகே அதே கையுறை கையை உள்ளே இழுத்துவிடவும் கூடும்.

புதிய சட்டம் வந்து என்ன மாறியது?

2024 ஜூன் 1 முதல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் நடப்புக்கு வந்தன. அதே நாளில் பழைய 1967ஆம் ஆண்டு தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் நீக்கப்பட்டது. முன்பு குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும் பொருந்திய 1994ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது வீட்டுப் பணியாளர், ஆயுதப் படை, கப்பல் பணி போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர எல்லா வேலையிடத்துக்கும் பொருந்துகிறது. மளிகைக் கடையின் பின்கட்டும், பொட்டலச் சேவையின் கிடங்கும் இதில் அடங்கும்.

முதலாளி தம் பொதுக் கடமையை மீறினால் விதிக்கப்படும் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. அபாய மதிப்பீடு கட்டாயமானது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். நாற்பது பேர் இருந்தால் பாதுகாப்புக் குழு வேண்டும்; அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும்.

தொழிலாளிக்கு நேரடியாகக் கிடைத்த ஒன்று 26ஏ பிரிவு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, முதலாளியிடம் சொல்லியும் அவர் அதை அகற்றாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்தவரை வேலைநீக்கம் செய்வதும் அச்சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி குற்றம்.

குத்தகையாளர் வழி வேலைக்கு வந்தவர்களின் நிலையும் திருத்தத்தில் கவனிக்கப்பட்டிருக்கிறது. "அவன் எங்க ஆள் இல்ல, ஏஜெண்டு ஆள்" என்று பெரிய நிறுவனங்கள் கைகழுவிவந்தன. இப்போது வேலையைக் குத்தகைக்கு விடுபவருக்கும், அவர் வழிநடத்தும் வேலையில் தனிக் கடமை உண்டு. சொக்சோ சட்டமும் முதன்மை முதலாளி, நேரடி முதலாளி என்று இருவரையுமே முன்பிருந்தே அடையாளம் காண்கிறது. யூனிபார்மில் எந்தப் பெயர் இருக்கிறது என்பதை வைத்து உரிமை மறைந்துவிடாது.

சட்டம் தாளில் வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செயல்பட வைப்பது விபத்து அறிக்கை. அறிக்கை இல்லாத இடத்துக்கு அதிகாரி வருவது அரிது. ஒரு தொழிலாளி தம் விரல் நசுங்கியதை மறைக்கும்போது, அதே பேலட் அருகில் நாளை நிற்கப் போகும் இன்னொருவரின் விரலையும் சேர்த்தே மறைக்கிறார். மூன்று நாள் எம்.சி. பழக்கத்தால் வரும் பெரிய கேடு இதுதான்.

காயம்பட்ட அன்று

விரல் துண்டானால் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். துண்டை நேரடியாகப் பனிக்கட்டியில் வைத்தால் திசு கெட்டுவிடும். கை வீங்கும் முன் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். செர்டாங் வட்டாரத்தில் சுல்தான் இட்ரிஸ் ஷா மருத்துவமனை இருக்கிறது. அரசாங்க மருத்துவமனையிலும் பெர்கேசோ பேனல் கிளினிக்கிலும் வேலையிடக் காயத்துக்கான சிகிச்சைச் செலவைப் பெர்கேசோ ஏற்கும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது உள்ளதை உள்ளபடி: எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், எந்தப் பொருள். அதைத் தாளில் எழுதச் சொல்ல வேண்டும். எம்.சி. மூலப்பிரதிகள், அன்றைய பஞ்ச் கார்டு அல்லது வருகைப் பதிவு, சம்பளச் சீட்டுகள், விபத்து நடந்த இடத்தின் படம், பார்த்தவரின் பெயர் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். முதலாளிக்கு விபத்தைப் பற்றி ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வைத்தால், அவருக்குத் தெரிந்த நாளுக்கு அதுவே சாட்சி. பெர்கேசோவின் 1-300-22-8000 என்ற எண்ணை வீட்டிலுள்ள பிள்ளைகளின் கைப்பேசியில் ஏற்றி வைப்பது நல்லது. பல வீடுகளில் பாரம் நிரப்பப்போவது அவர்கள்தாம்.

நிரந்தரக் குறை இருப்பதாகத் தோன்றினால் தற்காலிக இயலாமைக் காலம் முடிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மருத்துவ வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். மதிப்பீடு குறைவாக இருப்பதாகக் கருதினால் 90 நாள்களுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்தை நாடலாம். வாரியத்தின் முன் போகும்போது, 'வலிக்குது' என்று மட்டும் சொல்வதைவிட, எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்வது பயன் தரும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, போத்தல் மூடி திறக்க முடியவில்லை, மோட்டார் சைக்கிள் பிரேக் பிடிக்க முடியவில்லை என்ற விவரங்கள் கையின் உண்மை நிலையைக் காட்டும்.

தற்காலிக இயலாமைத் தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யச் சட்டம் இடந்தராது. அதன்பின் 'இனி உனக்கு இங்கே வேலை இல்லை' என்று சொன்னால், 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி 60 நாள்களுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையிடலாம். அந்தக் கெடு தவறினால் வழி அடைபடும். புரியாத மொழியில் நீட்டப்படும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் இந்தப் பாதுகாப்பு வெகுவாகப் பலவீனப்படும்.

கை முழுமையாகத் திரும்பாவிட்டாலும் வேலைக்குத் திரும்ப வழி உண்டு. 2007 முதல் பெர்கேசோ நடத்திவரும் வேலைக்குத் திரும்பும் திட்டத்தில், ஓர் அதிகாரி தொழிலாளி, மருத்துவர், முதலாளி ஆகிய மூவரையும் இணைத்துப் பேசி ஏற்ற வேலையைத் தேடுகிறார். மலாக்காவில் இயங்கும் துன் அப்துல் ரசாக் பெர்கேசோ மறுவாழ்வு மையத்தில் கைப் பயிற்சியும் தொழில் பயிற்சியும் தரப்படுகின்றன. ஆனால் இவற்றுக்கும் நுழைவுச்சீட்டு அதே முதல் பதிவுதான்.

'தன் கையே தனக்கு உதவி' என்று சொல்லி வளர்ந்த சமூகம் நம்முடையது. மூட்டை தூக்கும் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது, கைதான் சோறு. அந்தக் கை நசுங்கும் நாளில் நான்காம் நாள் எம்.சி.யைக் கேட்டு வாங்குவதும், 'வேலையில் நடந்தது' என்ற வரியை எழுத வைப்பதும் முதலாளிக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அதற்கான சந்தாவை வேலையிட விபத்துத் திட்டத்தில் முதலாளியே முழுவதும் கட்டிவருகிறார். விபத்து நாளில் அது தொழிலாளிக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.